அண்ணன் பேரில் கிடப்பவன்

அத்தியாயம் 9

விடிகாலையில் புதுக்கரைக் குப்பத்து முனையில் வந்து நின்ற வேனில் தமிழரசி ஏறி உட்கார்ந்தாள். போன வாரம் அவளை அங்கேதான் விட்டுவந்தோம். அந்த வேன் மாமல்லபுரத்தைத் தாண்டி மேற்கே திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பக்தவச்சலம். பின்னால் தமிழரசியும் அவளுடைய ஓரகத்தி ரத்னாவும். குப்பத்து ஆட்கள் இன்னும் சிலர் பஸ்ஸில் வருவதாகப் பேச்சு.

வேனில் யாரும் அழவில்லை. அழுகையைச் செங்கல்பட்டுக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

மாசி மாதம் வலைத் தகராறில் பக்கத்துக் குப்பத்தின் படகு ஒன்று எரிந்ததும், அதன் இன்ஜின் காணாமல் போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். போலீஸ் சில பெயர்களைக் கேட்டது. அதில் ரத்னாவின் கணவன் பன்னீர்செல்வத்தின் பெயரும் இருந்தது.

போலீஸ் வீடு வீடாக நுழைவதைக் குப்பம் விரும்பாது. அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆள் கொடுப்பது என்பார்கள். பஞ்சாயத்து கூடி, இன்னின்ன பேருக்கு இன்னின்னார் போகட்டும் என்று முடிவு செய்யும். தப்பு செய்தவன்தான் போக வேண்டும் என்பதில்லை. எவன் இல்லாவிட்டாலும் தொழில் நடக்குமோ அவன் போவான். கொஞ்ச நாள் ரிமாண்டு, அப்புறம் ஜாமீன், திரும்பி வரும்போது கழுத்தில் ஒரு மாலை. எந்த அதிகாரியும் இதுவரை முகத்தைப் பார்த்துப் பேரைச் சரிபார்த்தது கிடையாது.

பன்னீர்செல்வம் ஊரின் பெரிய படகை ஓட்டுபவன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் அந்தப் படகு கடலுக்குப் போயாக வேண்டும். ஆகவே அவன் பேரில் அவன் தம்பி தேவேந்திரன் போனான். தமிழரசியின் கணவன்.

போகிற அன்று அவன் சுவரிலிருந்த சின்னக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு, "இன்னா பன்னீரு, நல்லா கீறியா?" என்று தன்னைத்தானே விசாரித்தான். தமிழரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுடைய பழைய சட்டைகளைப் போட்டே வளர்ந்தவன். பேரையும் அப்படித்தான் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நான்காம் நாள் காலையில் காவல் நிலையத்திலிருந்து செய்தி வந்தது. பன்னீர்செல்வம் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார்.

பன்னீர்செல்வம் அப்போது தெற்கே எங்கோ கடலில் உயிரோடு இருந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான்.

"ரத்னா," என்றார் பக்தவச்சலம், திரும்பாமல். "உள்ள போனதும் நீதான் மொதல்ல ஓடிப்போய் காலப் புடிச்சிக்கினு அழுவணும். கோர்ட்டு ஐயா கேப்பாரு, இது யாருன்னு. என் வூட்டுக்காரருன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாணாம்."

முந்தானைக்குள் ரத்னாவின் கை தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது.

"தமிழு, நீ கதவாண்டயே நில்லு. புருசனோட அண்ணன் உடம்ப தம்பி பொண்டாட்டி தொட்டுக்கினு அழுதா, பாக்கறவனுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

தமிழரசி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனைமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, அவளைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் வரிசையாக வந்து தலையாட்டிவிட்டுப் போவதுபோல் இருந்தது. அவளிடம் இதுவரை துக்கம் கேட்டவை அவை மட்டும்தான். குப்பத்தில் எல்லாரும் ரத்னா வீட்டுக்குத்தான் போனார்கள். போலீஸ்காரன் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால், தமிழரசி வீட்டு வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

"அதுக்கப்புறம் மாமா?" என்றாள்.

"எதுக்கப்புறம்?"

"பொதைச்சதுக்கப்புறம். பெரியவரு ஊருக்குத் திரும்பி வருவாரில்ல. எந்தப் பேர்ல வருவாரு?"

பக்தவச்சலம் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "தேவேந்திரனா வருவான். அண்ணன் தம்பி சாடை ஒண்ணுதானே. ஓட்டர் கார்டு, ரேஷன் கார்டு எல்லாம் நா பாத்துக்கறேன்."

"அப்ப என் வயித்துல கீற புள்ளைக்கு அப்பன் யாரு?"

"பேப்பர்லதாம்மா. வூட்ல யாருக்குத் தெரியாது?"

அதைக் கேட்டு ரத்னா தலையைக் குனிந்துகொண்டாள். வண்டி ஓட்டியவன் ஹாரனை அழுத்தினான், முன்னால் எதுவும் இல்லாமலே.

"என்னைப் பாவின்னு நினைச்சுக்கோ," என்றார் பக்தவச்சலம். குரல் தாழ்ந்திருந்தது. "இன்னும் ஆறு பேரு உள்ள கீறானுங்க. அதுல பாதிப் பேரு வேற பேருக்குப் போனவனுங்க. நீ ஒரு பேர அவுத்தா எல்லாப் பேரும் அவுந்துபோவும். நாளைக்கே ஊருக்குள்ள வேன் வேனா போலீசு எறங்கும். உன் ஒருத்தி கண்ணீருக்காக ஊரக் குடுக்கச் சொல்றியா?"

அவர் கெட்டவர் இல்லை என்பது தமிழரசிக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்கு வந்த அரிசியை ஒரு படிகூடப் பிசகாமல் பிரித்துக் கொடுத்தவர். அவள் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

*

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியின் பிணவறை கடைசிக் கட்டிடம். எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். பஸ்ஸில் வந்த குப்பத்து ஆட்கள் அதனடியில் குந்தியிருந்தார்கள். தண்டவாளத்தில் போகிற ரயிலின் சத்தம் வந்து வந்து அடங்கியது.

வக்கீல் ரெபேக்காள் ஸ்கூட்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். சிங்கப்பெருமாள் கோயில்காரி. முப்பது வயதுகூட ஆகாது. பேப்பரில் செய்தியைப் பார்த்துவிட்டுத் தானாகவே குப்பத்துக்குத் தேடி வந்தவள். இறந்தவன் பன்னீர்செல்வம் என்றுதான் அவளுக்கும் தெரியும்.

"ரத்னாம்மா, பயப்படாதீங்க. முன்னெல்லாம் இதுக்கு ஆர்.டி.ஓ. வந்து ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிடுவார். போன வருஷத்துலேருந்து கோர்ட்டு மாஜிஸ்திரேட்டே நேர்ல வந்து விசாரிக்கணும்னு சட்டம். அவர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சாயங்காலமே உங்க பேர்ல ஐகோர்ட்டுக்கு மனு தயார் பண்ணிடுவேன்."

"நிக்குமாம்மா?" என்று கேட்டார் பக்தவச்சலம்.

"நிக்காம எங்க போகும்? இது இன்னைக்கு நேத்து வந்த சட்டமில்ல. கல்கத்தாவுல ஒருத்தர் லாக்கப் சாவு பத்தி பேப்பர்ல வந்த செய்திங்களப் பாத்துட்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடுதாசி எழுதினாரு. அந்தக் கடுதாசியையே கேஸா எடுத்துக்கினாங்க. தீர்ப்பு வந்து பத்து வருஷம் ஆவுது. ஒருத்தனப் புடிச்சா அந்த எடத்துலயே நேரம், தேதி போட்டு எழுதணும். வூட்டுக்குச் சொல்லணும். நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி டாக்டர் பாக்கணும். கைது பண்ற எடத்துல குடும்பத்துல ஒருத்தர், இல்லன்னா அந்த ஊர்ல மதிப்பான ஒருத்தர், சாட்சிக் கையெழுத்து போடணும்." அவள் பக்தவச்சலத்தைப் பார்த்தாள். "அது நீங்கதானே போட்டது?"

"ஆமாம்மா."

"பெரிய உபகாரம் பண்ணீங்க. அந்தக் கையெழுத்து மட்டும் இல்லன்னா, இந்த ஆளை நாங்க புடிக்கவே இல்லன்னு கையக் கழுவியிருப்பாங்க."

பக்தவச்சலம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்கத்தாக்காரர் எழுதி, தில்லிப் பெரிய கோர்ட்டு நாடு முழுக்கக் கட்டி வைத்த வேலிக்குள், பொய்ப் பேருக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு பையனைத் தள்ளிவிட்டு வந்தவர் அவர். அது அவருக்கும் தமிழரசிக்கும் ரத்னாவுக்கும் தெரியும். ரெபேக்காளுக்குத் தெரியாது.

அந்தத் தீர்ப்பைத் தமிழரசி முன்பே படித்திருந்தாள். படிக்க நிறைய நேரம் கிடைத்திருந்தது.

காவல் நிலையத்துச் சுவரில் பெரிய பலகையாக எழுதி மாட்டியிருந்தார்கள். தேவேந்திரனைக் கொடுத்த மறுநாள் அவள் சோற்றுத்தூக்கோடு போய் அதன் முன்னால்தான் நின்றாள். பத்தாவது வரை படித்தவள் ஆதலால் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கைது செய்யப்பட்டவரின் உறவினருக்கு, கைது செய்யப்பட்டவரின் உடலில் உள்ள காயங்களை, என்று பலகை நல்ல தமிழில் சொல்லிக்கொண்டே போனது. கடலுக்கு அப்பால் யாரோ விளக்கேற்றி வைத்துக்கொண்டு நமக்காக எழுதியதுபோல் அவளுக்குத் தோன்றியது.

"இன்னாம்மா, யாரு நீ?" என்று கேட்டான் ஏட்டு.

"பன்னீர்செல்வத்துக்குச் சோறு கொண்டாந்தேன்."

"பொண்டாட்டியா?"

பலகையில் எல்லாம் இருந்தது. அவளுக்கு வேண்டிய ஒரு பதில்தான் இல்லை.

"தம்பி பொண்டாட்டி," என்றாள்.

"தம்பி பொண்டாட்டிக்கு இங்க இன்னா வேலை? பொண்டாட்டிய வரச்சொல்லு. தூக்க வச்சிட்டு நீ கெளம்பு."

உள்ளே யாரோ இருமினார்கள். அது யாருடைய இருமல் என்று அவளுக்குத் தெரிந்தது. தூக்கை வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் ரத்னா போனாள். பொண்டாட்டி என்பதால் ரத்னாவை உள்ளே விட்டார்கள்.

"எப்பிடிக் கீறாரு அக்கா?" என்று தமிழரசி அன்று கேட்டாள்.

"நல்லாத்தான் கீறான்," என்று சொல்லிவிட்டு ரத்னா மீன் கழுவப் போய்விட்டாள்.

*

மாஜிஸ்திரேட் வரத் தாமதமானது. குப்பத்துப் பெண்கள் ரத்னாவைச் சுற்றி உட்கார்ந்து, பூவை எடுத்துவிடு, பொட்டை அழித்துக்கொள், ஐயா வரும்போது நெற்றி வெறுமையாக இருக்கட்டும் என்று காதோரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பூவை எடுத்தாள். ஒருத்தி பொட்டருகே விரலைக் கொண்டுபோனதும், ரத்னா அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"வுடுங்கடி. எனக்கு மூச்சு முட்டுது."

தமிழரசியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டிடத்தின் பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாளே தவிர முகத்தைக் கழுவவில்லை.

"அவுரு கடல்ல கீறாரு தமிழு. கடல்ல கீற மனுசனுக்குப் பொட்ட அழிக்கச் சொல்றாளுங்க. இத்தினி வருசத்துல அவுரு படகு கரைக்கு வர்ற வரைக்கும் நா தலைக்கு எண்ணெய்கூட வச்சதில்ல. இப்ப கோர்ட்டு ஐயா முன்னால செத்துட்டாருன்னு வாயால சொல்லணுமாம். சொன்னா பலிச்சிடுமோன்னு கீது."

"சொல்லாதேக்கா."

"சொல்லலன்னா?"

தண்ணீர் காலடியில் ஓடியது.

"உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்," என்றாள் ரத்னா. "அன்னிக்கு நா அவனப் பாத்தேன்ல. நல்லாத்தான் கீறான்னு சொன்னேன்ல. நிக்கவே முடியல அவனால. செவுத்தப் புடிச்சிக்கினு வந்தான். என்னப் பாத்து சிரிச்சான் வேற. 'வா அண்ணி, ஊட்டுக்காரரப் பாக்க வந்தியா'ன்னு கேலி பண்றான்."

"அப்புறம்?"

"அந்த இன்ஜின எங்க ஒளிச்சேன்னுதான் கேட்டு அடிக்கிறானுங்களாம். அவனுக்கு எங்க தெரியும்? தகராறு நடந்த அன்னிக்கு அவன் உன்னக் கூட்டிக்கினு திருக்கழுக்குன்றம் ஆஸ்பத்திரியாண்டதானே கெடந்தான். தெரியாதுன்னா நம்ப மாட்றானுங்க. பன்னீருக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்னு கேக்கறானுங்களாம். 'அண்ணி, அண்ணன் அத்த எங்க போட்டான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கினு வாயேன், அத்த மட்டும் சொன்னா வுட்டுருவானுங்க'ன்னான்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தமிழரசி குனிந்து அதை மூடினாள். எதற்காக மூடினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சத்தம் நின்றதும் ரத்னாவின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"நான் பன்னீரு இல்லன்னு சொல்லிடுடான்னேன். 'சொன்னா அண்ணன இழுத்துக்கினு வருவானுங்க, உனக்கு ரெண்டு புள்ளைங்க கீது'ன்னான்."

"நீ கேட்டியா, பெரியவரு கிட்ட?"

"கேட்டேன். போன் போட்டுக் கேட்டேன். கழிமுகத்தாண்ட தண்ணிக்குள்ள எறக்கி வச்சிருக்குன்னாரு. ஆனா சொல்லிடாதே, சொன்னா திருட்டுக் கேஸு ஆயிடும், ரெண்டு அடி வாங்கினா அவன் ஒண்ணும் செத்துடமாட்டான்னாரு. பக்தவச்சலம் மாமாவும் அத்தயேதான் சொன்னாரு. நா திரும்பப் போவல தமிழு. அவன் அங்க எனக்காகக் காத்துக்கினு இருந்திருப்பான். நா போவல."

கல்யாணமாகி ரத்னா அந்த வீட்டுக்கு வந்தபோது தேவேந்திரன் அரை நிஜார் போட்ட பையன். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரிச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான். இப்போது அவள் அழவில்லை. ஈரச்சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாராவது வந்து தன்னை அடிக்கட்டும் என்பதுபோல் நின்றாள்.

அடிக்கத் தமிழரசிக்குக் கை எழவில்லை.

"என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?" என்றாள்.

"கேட்டான். டாக்டரம்மா இன்னா சொன்னாங்க, மாத்திரை ஒழுங்கா முழுங்கறாளான்னு கேட்டான்."

முன்பக்கம் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

மாஜிஸ்திரேட் ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அறையில் இருந்த போலீஸ்காரர்களை முதலில் வெளியே போகச் சொன்னார். வாசலில் நின்ற பக்தவச்சலத்தைப் பார்த்தார்.

"நீங்கள்?"

"ஊர்ப் பெரியவருங்க ஐயா. கைதுக்குச் சாட்சி."

"சாட்சியைப் பிறகு கூப்பிடுகிறேன். வெளியே இருங்கள்."

பக்தவச்சலம் போகும்போது ரத்னாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அறையில் மருத்துவர், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா, வீடியோ எடுக்க ஒருவன், வக்கீல், இரண்டு பெண்கள். நடுவில் மேசை. ஊழியர் போர்வையை மார்பு வரை விலக்கினார்.

தமிழரசி கதவோரமாகத்தான் நின்றாள். அங்கிருந்து பார்க்கும்போது முகம் சரியாகத் தெரியவில்லை. போர்வைக்கு வெளியே பாதங்கள் தெரிந்தன. உள்ளங்கால்கள் வீங்கிக் கறுத்து, ஊறிப்போன தோல்போல் இருந்தன. இடது கால் கட்டை விரலில் ஒரு அட்டையைக் கட்டியிருந்தார்கள். அதில் பேர் எழுதியிருந்தது. அவள் படிக்கத் தெரிந்தவள்.

"உங்கள் பெயர்?"

"ரத்னா."

"இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?"

ரத்னா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தபோது காற்று மட்டும் வந்தது.

"பயப்பட வேண்டாம். இங்கே போலீஸ் யாரும் இல்லை. இவர் யார் என்று சொன்னால் போதும்."

"ரத்னாம்மா, சொல்லுங்க," என்றாள் ரெபேக்காள் மெதுவாக.

"எ… என்…"

அந்த நேரத்தில் தமிழரசிக்குப் பெரிய பெரிய எண்ணங்கள் எதுவும் வரவில்லை. கல்கத்தாக்காரர் வரவில்லை, பலகை வரவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்திருப்பான் என்பது மட்டும் வந்தது. ஒரு வார்த்தைக்காகக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். அந்தப்பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் தன்னைச் சேர்ந்தவர்கள் என்று நம்பிக்கொண்டு இருந்திருப்பான்.

அவள் நடந்து போய் அவன் கால்மாட்டில் நின்றாள். குளிர்ந்து கிடந்த அந்தப் பாதங்களைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"ஐயா, இவுரு பேரு தேவேந்திரன். என் வூட்டுக்காரரு."

குமாஸ்தாவின் பேனா நின்றது. ரெபேக்காள், "தமிழரசி, என்ன பேசறீங்க?" என்றாள்.

மாஜிஸ்திரேட் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், தமிழரசியின் வயிற்றைப் பார்த்தார்.

"கைதுப் பத்திரத்தில் பன்னீர்செல்வம் என்று இருக்கிறது."

"பேரு அண்ணனோடது. ஆளு இவுரு. ஊர்ல பேசி அனுப்பி வச்சாங்க. எனக்கும் தெரியும். நானும் சரின்னேன்."

"தெரிந்தே போலீசுக்குப் பொய்ப் பேர் கொடுத்தீர்கள் என்றா சொல்கிறீர்கள்?"

"ஆமாங்க ஐயா."

"இதைச் சொன்னால் உங்கள் மேலேயே வழக்கு வரலாம். அது தெரிந்துதான் சொல்கிறீர்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். எனக்குப் புள்ள பொறக்கப் போவுது. இவுருதான் அப்பன். அது எங்கயாவது ஒரு எடத்துல எழுதியிருக்கணும்."

வீடியோக்காரன் கேமராவைத் தாழ்த்தப் போனான். மாஜிஸ்திரேட் தலையசைத்து, எடுத்துக்கொண்டே இரு என்றார். பிறகு ரத்னாவிடம் திரும்பினார்.

"உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறாரா?"

"கீறாரு ஐயா."

"எங்கே?"

ரத்னா மேசையருகே போய் தேவேந்திரனின் தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அது யார் சொல்லிக்கொடுத்த அழுகையும் இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி அந்தச் சின்ன அறையில் முட்டி மோதியது.

மாஜிஸ்திரேட் காத்திருந்தார். அப்புறம் குமாஸ்தாவிடம், "முதலில் இந்தப் பெண் சொன்னதை எழுதுங்கள்," என்றார். "அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்."

*

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பிற்பகல் ஆகிவிட்டிருந்தது. மரத்தடியில் ஒருவரும் இல்லை; வேனும் இல்லை. வெற்றிலை மென்று துப்பிய இடமும், யாரோ விட்டுப்போன ஒரு தண்ணீர்ப் பாட்டிலும்தான் கிடந்தன.

ரெபேக்காள் ஸ்கூட்டியின் மேல் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா வக்கீலம்மா?"

"வந்திருப்பேன். திட்டிக்கினே வந்திருப்பேன்." அவள் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "இனிமே கஷ்டம். எங்களையே ஏமாத்தினாங்கன்னு போலீஸ் சொல்லும். உங்க ஊரே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லும். ஆனா ஒண்ணு. அந்தத் தீர்ப்புல பன்னீர்செல்வத்தை அடிக்கக்கூடாதுன்னு எழுதல. போலீஸ் கையில யார் இருந்தாலும் அவன் மேல கை வைக்கக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. பேர் மாறினா உடம்பு மாறிடுமா? இத வச்சுத்தான் நான் வாதாடணும். மனுவ உங்க பேர்ல மாத்தறேன். நாளைக்கு கூடுவாஞ்சேரியில என் சீனியர் வூட்டுக்கு வாங்க."

அவள் போன பிறகு ரத்னாவின் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப்பக்கம் பேசியது பக்தவச்சலம். ரத்னா கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"இன்னாக்கா?"

"உடம்ப ஊருக்குள்ள கொண்டாரக்கூடாதாம். நம்ம மயானத்துல எடம் கிடையாதாம். நீ ஊருக்கே வரக்கூடாதாம். நா தனியா வந்தா என்ன சேத்துக்குவாங்களாம். நீ ஏதோ புத்தி பேதலிச்சிப் பேசிட்டன்னு நா போய் சொல்லணுமாம். புள்ளைங்க மாமா வூட்லதான் கீதுங்களாம். சாப்ட்டுச்சுங்களாம்."

கடைசி வார்த்தையை அவள் மெதுவாகச் சொன்னாள். அது அன்பா, மிரட்டலா என்று இருவருக்கும் தெரிந்தது.

அதற்குள் அமரர் ஊர்தி பின்பக்கமாக வந்து பிணவறை வாசலில் நின்றது. ஊழியர்கள் தேவேந்திரனை அதில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். டிரைவர் இறங்கினான். முகத்தில் தூக்கம் வழிய, மடித்த தாள் ஒன்றைப் பானெட்டின் மேல் வைத்து நீவிக்கொண்டான்.

"யாரும்மா சொந்தக்காரங்க? பேரு சொல்லுங்க. கேட்ல காட்டணும்."

"தேவேந்திரன்," என்றாள் தமிழரசி.

சத்தமாகத்தான் சொன்னாள். எதிரே போன நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவன் எழுத்துக் கூட்டி எழுதினான். எழுதி முடிக்கிற வரை தமிழரசி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு?"

தமிழரசியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பிணவறையில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது.

"ஊரு சொல்லும்மா. எங்க எறக்கணும்னு தெரியாம வண்டிய எப்பிடி எடுக்கறது?"

அவளுக்குப் பின்னால் செல்போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. ரத்னா அதன் திரையைப் பார்த்தாள். இந்தத் தடவை அழைத்தது பக்தவச்சலம் இல்லை. பன்னீர்செல்வம். அடித்து அடித்து ஓய்கிற வரை அவள் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஓய்ந்ததும் டிரைவரிடம் வந்தாள்.

"புதுக்கரைக் குப்பம். எழுதிக்கோ," என்றாள்.

சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து, தேவேந்திரனின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள்.